‘மனசு சரியில்லை’ என்பதற்கு அடுத்த சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

“மனசு சரியில்லை” என்ற இரண்டு சொற்களுக்குள் நாம் எத்தனையோ வைத்து மூடிவிடுகிறோம். நெருங்கியவர் இறந்த துக்கமும், மேலதிகாரி பலர் முன்னிலையில் அதட்டியதால் வந்த கூனிக்குறுகலும், வீட்டுக் கடன் தவணைத் தேதி நெருங்கும் கவலையும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரணமின்றிக் கவியும் வெறுமையும் அந்த ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. கேட்பவரும் “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். எது சரியில்லை என்று நாம் சொல்லாதபோது அவரால் வேறு எதைச் சொல்ல முடியும்? பல நேரங்களில் அது நமக்கே தெரிவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள உதவும் ஓர் எளிய பயிற்சியைப் பற்றியது இந்தக் கட்டுரை. உடலில் தெரியும் அடையாளத்திலிருந்து தொடங்கி, உணர்ச்சிக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயரைத் தேடிக் கண்டு, பிறகு அதைப் பற்றி நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. நான் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன்; எனக்குப் பயன்பட்டது என்பதோடு, உளவியல் ஆய்வுகளில் ஓரளவு உறுதியான அடிப்படையும் இதற்கு உண்டு என்பதால்தான் பிறருக்கும் சொல்லத் துணிகிறேன்.

பெயர் சொல்வதால் என்ன ஆகிறது

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் சிலரைப் படுக்கவைத்து, கோபமும் அச்சமும் தெரியும் முகங்களின் படங்களை அவர்களுக்குக் காட்டினார்கள். சில படங்களைப் பார்க்கும்போது அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு சில படங்களைப் பார்க்கும்போது அந்த முகம் ஆணா பெண்ணா என்பதற்கு ஏற்ற ஆள்பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்த நேரங்களில், ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்பும் வேலையில் பெரும்பங்கு கொண்ட அமிக்டலா என்ற சிறிய பகுதியின் பரபரப்பு குறைந்திருந்தது; நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. 2007இல் வெளியான அந்த ஆய்வு, வெறும் பெயர் சொல்லுதல்கூட உணர்ச்சியின் வேகத்தை மாற்றக்கூடும் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது.

அதே வளாகத்திலிருந்து 2012இல் வெளியான இன்னொரு சோதனை எனக்கு இன்னும் நெருக்கமானது. சிலந்தியைக் கண்டால் நடுங்குகிறவர்களை ஒரு பெரிய உயிருள்ள டரான்டுலா சிலந்தியின் அருகே போகச் சொன்னார்கள். ஒரு குழுவினர், தாம் உணர்வதை மறைக்காமல், “அந்த அருவருப்பான சிலந்தி என் மேல் பாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது” என்பது போல வாய்விட்டுச் சொன்னார்கள். இன்னொரு குழுவினர் “இது ஒன்றும் செய்யாது” என்பது போலத் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். வேறொரு குழுவினர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். மற்றொரு குழுவினர் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்து, கையில் வியர்வை சுரப்பதைக் கருவியால் அளந்தபோது, பயத்தைப் பெயர் சொல்லிப் பேசியவர்களின் உடல்தான் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தது. எவ்வளவு பயம் என்று வாயால் சொல்லக் கேட்டபோது மட்டும் குழுக்களிடையே வேறுபாடு தெரியவில்லை. அதாவது, பெயர் சொன்னவுடன் பயம் பறந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாற்றம் முதலில் உடலில் தொடங்கலாம், மனம் அதைப் பிறகுதான் கவனிக்கும். முதல் நாளே பலன் தெரியவில்லை என்று கைவிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடலிலிருந்து தொடங்குங்கள்

உணர்ச்சியை நேரடியாகத் தேடினால் அது நழுவிவிடும். உடலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது எளிது. இந்த வகையில் தமிழில் பேசுகிற நாம் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். நம் அன்றாடப் பேச்சு உணர்ச்சிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் வைத்துத்தான் பேசுகிறது. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. தனக்கு உரியது பிறருக்குப் போனால் வயிறு எரிகிறது. சொல்ல முடியாத துக்கம் தொண்டையை அடைக்கிறது. அதிர்ச்சியில் கைகால் வெலவெலக்கிறது, குலை நடுங்குகிறது. பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கினால் பெற்ற வயிறு குளிர்கிறது. இவற்றைப் பழகிய வழக்காக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய குறிப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரிடத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம், தாடை இறுகியிருக்கிறதா, தொண்டையில் அடைப்பு உண்டா, மார்பில் கனமா படபடப்பா, வயிறு கலங்குகிறதா எரிகிறதா, கை சூடா குளிர்ச்சியா என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். பார்த்ததை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள்: “தொண்டை அடைப்பு, மார்பில் கனம், சூடு இல்லை.” இந்தக் கட்டத்தில் காரணம் தேட வேண்டாம். ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: சரியாகத் தூங்கினீர்களா, நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா, காப்பி அதிகமா, காய்ச்சல் ஏதும் உண்டா? மூன்றாவது காப்பிக்குப் பிறகு வரும் படபடப்பும் தேர்வுக்கு முந்தைய நாள் படபடப்பும் உடலில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பசியால் வந்த எரிச்சலுக்கு வாழ்க்கையில் காரணம் தேடப் புகுந்தால், மனம் தவறாமல் ஏதாவது ஒரு காரணத்தையும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆளையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

பொருத்தமான சொல்லைத் தேடுதல்

இதுதான் இந்தப் பயிற்சியின் நடுப்பகுதி. அவசரப்படக் கூடாத இடமும் இதுதான். முதலில் மனத்தில் வரும் சொல் பெரும்பாலும் ‘கோபம்’, ‘கவலை’, ‘டென்ஷன்’ என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். அதை எழுதிவிட்டு, அதற்கு அடியில் இன்னும் நெருக்கமான சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். கோபத்தின் பக்கத்திலேயே எரிச்சல், சலிப்பு, கடுப்பு, ஆத்திரம், மனக்கசப்பு, மனத்தாங்கல், வன்மம் ஆகியவை இருக்கின்றன. எரிச்சல் ஒரு மணி நேரத்தில் போய்விடும். வன்மம் பல ஆண்டுகள் இருக்கும். மனத்தாங்கல் வேற்று மனிதர் மீது வருவதில்லை, உரிமை உள்ளவர் மீதுதான் வரும். கவலைக்குப் பக்கத்தில் பதற்றம், கலக்கம், தவிப்பு, கிலி, பீதி ஆகியவை நிற்கின்றன. வருத்தத்துக்குப் பக்கத்தில் ஏமாற்றம், ஏக்கம், ஆதங்கம், ஆற்றாமை, விரக்தி, வெறுமை ஆகியவை உள்ளன. ஆதங்கத்தில் இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது, விரக்தியில் அது தீர்ந்துபோயிருக்கிறது. இந்த வேறுபாடுகளை அகராதியைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. தமிழில் வளர்ந்த எவருக்கும் இவை தெரிந்தவையே, தன்னைப் பற்றிப் பேசும்போதுதான் பயன்படுத்த மறந்துவிடுகிறோம்.

இப்படி நுணுக்கமாகப் பிரித்தறியும் திறனை லிசா ஃபெல்ட்மன் பேரட் என்ற உளவியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார். 2001இல் அவர் மற்ற சிலருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் 14 நாட்கள் தங்கள் உணர்ச்சிகளைக் குறித்துவந்தார்கள். விரும்பத்தகாத உணர்ச்சிகளை எல்லாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் வேறுபடுத்திக் காட்டியவர்கள், அவற்றைக் கையாள்வதற்குக் கூடுதலான முயற்சிகளை எடுத்துவந்ததும் அதில் தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே: வலி எங்கே என்று தெரிந்தால்தான் கை அங்கே போகும்.

சொல் கிடைக்காமல் திணறும்போது நான் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலை நினைத்துக்கொள்வேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்தப் பகுதி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகக் காரணங்களையும் தருகிறது. செய்யுளில் உணர்ச்சி எப்படி வெளிப்பட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. மனநலத்துக்கான கையேடாக அதைப் பார்க்கக் கூடாது. ஆனாலும் உணர்ச்சியைப் பெயரோடு நிறுத்திவிடாமல் ‘எதிலிருந்து பிறந்தது’ என்று கேட்கும் அதன் முறை நமக்கு இன்றும் உதவுகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. அழுகை வரும்போது அந்த நான்கையும் கேள்வியாக்கிப் பாருங்கள்: யாராவது என்னை இழிவாக நடத்தினார்களா? எதையாவது, யாரையாவது இழந்தேனா? முன்பிருந்த நிலையிலிருந்து தளர்ந்துபோனேனா? இல்லாமை வாட்டுகிறதா? வேலையை இழந்தவர் ‘பணம் இல்லை’ என்று அழுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். கேட்டுப் பார்த்தால், காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் மனிதராகத் தான் இனி இல்லை என்ற தளர்ச்சியே அதில் பெரிய பங்காக இருக்கும். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கு சொல்லப்படுகின்றன. பேயும் புலியும் திருடரும் இருக்கும் அந்தப் பட்டியலில், தனக்கு மேலே உள்ளவரையும் சேர்த்திருப்பதை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவரும் புரிந்துகொள்வார்கள்.

இரண்டு குழப்பங்களைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அவை நம் வீடுகளில் மிகுதியாக நடப்பவை. முதலாவது, அச்சம் கோபமாக வேடம் போடுவது. கல்லூரிக்குப் போன மகள் இரவு ஒன்பதரை மணியாகியும் வரவில்லை, கைப்பேசி அணைந்திருக்கிறது. அப்பா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறார். பேருந்து பழுதாகி நின்றதால் தாமதமாக வந்த மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “மணி என்ன ஆச்சு, வீடுன்னு நினைச்சியா, சத்திரம்னு நினைச்சியா?” என்று அவர் கத்துகிறார். அவருடைய கையைத் தொட்டுப் பார்த்திருந்தால் அது குளிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். “பயந்துட்டேன்மா” என்று அவர் சொல்லியிருந்தால் மகள் அருகில் வந்து உட்கார்ந்திருப்பாள். கோபத்தைக் கண்டவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அன்றிரவு சாப்பிடவில்லை.

இரண்டாவது, அவமானத்தையும் குற்றவுணர்வையும் ஒன்றாகக் கருதுவது. ஜூன் டேங்னி என்ற உளவியலாளரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ‘நான் செய்தது தவறு’ என்பது குற்றவுணர்வு. ‘நானே மோசமானவன்’ என்பது அவமானம். முதலாவது பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் தூண்டுகிறது. இரண்டாவது ஒளிந்துகொள்ளவோ பிறர் மேல் பாயவோ தூண்டுகிறது. எழுதும்போது எழுவாய் எதுவாக இருக்கிறது என்று பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்: செயலா, நீங்களா?

நான்கு நாள் எழுதுதல்

எழுதும் முறைக்கு அடிப்படை, ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். சிலர் அற்பமான பொருள்களைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்கள் தம் வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தைப் பற்றி எழுதினார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினர் நடந்ததை மட்டும், ஒரு பகுதியினர் உணர்ந்ததை மட்டும், ஒரு பகுதியினர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த உடனே, துயரத்தை எழுதியவர்களின் மனநிலை மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரியின் மருத்துவ மையத்துக்குப் போன தடவைகள் குறைவாக இருந்தன. அதன் பிறகு இந்த முறை பல நாடுகளில் சோதிக்கப்பட்டது. 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு மதிப்பீடு, பலன் உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் அது சிறியது என்று காட்டியது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. சிறிய பலனாக இருந்தாலும் ஒரு மணி நேர உழைப்பில் கிடைப்பது என்பதால் நான் இதை மதிக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். இடையூறு இல்லாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். படுக்கப் போவதற்குச் சற்று முன் வேண்டாம், ஏனெனில் கிளறப்பட்ட மனத்தோடு தூக்கம் வராது. எழுதி முடித்த பின் அரை மணி நேரமாவது மற்றவர்களை எதிர்கொள்ளாமல் இருக்க முடிகிற வேளை நல்லது; மாலை நடைக்கு முன் என்பது எனக்கு ஒத்துவருகிறது. கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதுங்கள். ஒற்றுப்பிழையோ சந்தியோ பார்க்க வேண்டாம், பேச்சுத் தமிழில் எழுதினாலும் சரி. முதல் வரியில் உடல் சொன்னதை எழுதுங்கள், இரண்டாவது வரியில் நீங்கள் கண்ட பெயரை எழுதுங்கள். பிறகு நடந்ததையும் அதில் நீங்கள் உணர்ந்ததையும் பிரிக்காமல் எழுதுங்கள். நாளிதழ்ச் செய்தி போல நிகழ்ச்சியை மட்டும் எழுதினாலோ, “ஐயோ” என்று உணர்ச்சியை மட்டும் கொட்டினாலோ பயன் குறைகிறது. எழுதும்போது தாங்க முடியாமல் போகிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு பொருளுக்குப் போய்விடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நான்கு நாட்களில் எழுத்து எப்படி நகர்கிறது என்பதற்கு என் நோட்டுப் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். என் அக்கா தன் மகன் திருமணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “நம்ம வீட்டுக் கல்யாணம்தானே, உனக்கென்ன தனியா அழைப்பு?” என்று ஒரு குரல்செய்தியும் அனுப்பியிருந்தாள். நான் கோபமாக இருப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். பிறகு உட்கார்ந்து உடலைப் பார்த்தபோது சூடே இல்லை. தொண்டையில் அடைப்பும் மார்பில் கனமும்தான் இருந்தன. முதல் நாள் பக்கம் முழுவதும் அக்காவின் குற்றங்கள். 12 வருடத்துக்கு முந்தைய ஒரு சேலை விவகாரம்கூட வந்துவிட்டது. மேலே ‘கோபம்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘மனத்தாங்கல்’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் நாள், அவள் நேரில் வந்திருந்தால் எப்படி வந்திருப்பாள் என்று எழுதத் தொடங்கினேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று எழுதிக்கொண்டே போனபோது, அந்தக் குரல் அக்காவுடையதாக இல்லை, அம்மாவுடையதாக இருந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால்கூட அம்மாதான் தட்டெடுத்துக்கொண்டு வருவாள். மூன்றாம் நாள் பக்கத்தின் மேலே ‘ஏக்கம்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே, “அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை, அக்கா வந்திருந்தால் அது இருப்பதுபோல் இருந்திருக்கும், அதனால்தான்” என்று ஒரு வரி. நான்காம் நாள் எழுத அதிகம் இல்லை, அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

“அதனால்தான்” என்ற அந்தச் சொல் தற்செயலானதன்று. பென்னிபேக்கரும் அவர் குழுவினரும் பின்னாளில் இத்தகைய எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தபோது, காரணத்தைக் காட்டும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனவர்களிடமே முன்னேற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. தமிழில் ஏனென்றால், அதனால், அப்படியானால், இப்போதுதான் தெரிகிறது ஆகிய சொற்களை உங்கள் மூன்றாம் நாள் பக்கத்தில் தேடிப் பாருங்கள். அவற்றை வலிந்து நுழைக்க வேண்டாம். இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

எழுத்து அசைபோடுதலாக மாறும்போது

அவை இல்லாமல், நான்கு நாளும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்திருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். “எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்ற கேள்வி பதில் தேடாமல் சுற்றிச் சுற்றி வருவதை அசைபோடுதல் என்றே சொல்லலாம், அது மன அழுத்தத்தைக் கூட்டுகிறது. சூசன் நோலன்-ஹோக்ஸிமா ஸ்டான்ஃபர்டு மாணவர்களிடம், துயரம் வரும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றிய கேள்வித்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, லோமா பிரியேட்டா நிலநடுக்கம் அந்தப் பகுதியைத் தாக்கியது. நிலநடுக்கத்துக்கு முன்பே அசைபோடும் பழக்கம் மிகுந்திருந்தவர்களிடம், அதற்குப் பின் பத்தாம் நாளும் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன.

இதிலிருந்து வெளிவர ஒரு வழி, அடுத்த பக்கத்தை உங்கள் பெயரைச் சொல்லிப் படர்க்கையில் எழுதுவது. “நான் ஏன் இப்படி உணர்கிறேன்” என்பதற்குப் பதிலாக, உங்கள் பெயர் செல்வி என்றால், “செல்வி ஏன் இப்படி உணர்கிறாள்?” என்று எழுதுங்கள். ஈதன் கிராஸ் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், தம்மைத் தம் பெயராலேயே குறிப்பிட்டுச் சிந்தித்தவர்கள் மேடைப்பேச்சு போன்ற நெருக்கடிகளைக் குறைந்த கலக்கத்தோடு எதிர்கொண்டார்கள். தோழிக்குச் சொல்லும் அறிவுரை நமக்கே சொல்லிக்கொள்ள வராதது ஏன் என்பது இதைச் செய்து பார்க்கும்போது புரியும். அப்படியும் சுழற்சி நிற்கவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். எழுத்து அதற்கு ஏற்ற கருவி இல்லை என்று கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவதோ நடைப்பயிற்சியோ வேறு வேலையோ அப்போது பொருந்தலாம்.

கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தாம் எழுதிய கட்டுரையை ஒருவர் கடுமையாகத் திட்டியதால் கோபமடைந்த மாணவர்களில் சிலர் குத்துப்பையைக் குத்தினார்கள், சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக்கொண்டு குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே குறைந்த வன்மத்தோடு நடந்துகொண்டார்கள். ஆகவே பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பதும், எழுதும் பக்கத்தை வசவுகளால் நிரப்புவதும் இந்தப் பயிற்சியில் சேராது. அதே நேரத்தில், முகத்தில் காட்டாமல் விழுங்கிக்கொள்வதும் தீர்வாகாது. ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993இல் காட்டியது போல, அருவருப்பூட்டும் படத்தைப் பார்க்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாமல் மறைத்தவர்கள் உணர்ந்த அருவருப்பு குறையவில்லை. உடலின் உள்பரபரப்பு சில அளவுகளில் கூடவே செய்தது. ‘பொறுத்துப் போ’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களுக்கு இந்தச் செய்தியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொறுமை வேறு, தனக்கே தெரியாமல் மறைத்துக்கொள்வது வேறு.

பெயர் கிடைத்த பிறகு

ஒவ்வொரு பெயரும் ஒரு செயலைச் சுட்டுகிறது. அந்தச் செயலுக்காகத்தான் இவ்வளவு தேடலும். குற்றவுணர்வு என்றால் சரிசெய்ய வேண்டியது எது என்று பார்க்க வேண்டும். அச்சம் என்றால் தகவல் தேவைப்படுகிறது: பரிசோதனை முடிவை மருத்துவரிடம் கேட்டுவிடுவது, கடன் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது. சலிப்பு என்றால் ஓய்வோ மாற்றமோ தேவை. மனத்தாங்கல் என்றால் உரியவரிடம் பேச வேண்டும், அவர் இல்லாத இடத்தில் பேசினால் அது வளரும். ஏக்கத்துக்குச் செய்யக் கூடியது குறைவு, ஆனாலும் அதைச் சொல்லிக்கொள்ளலாம். நான் ஐந்தாம் நாள் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, “நீ தட்டோட வந்திருந்தா அம்மா வந்த மாதிரி இருந்திருக்கும்க்கா” என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சே இல்லை. கோபத்தோடு பேசியிருந்தால் சேலை விவகாரத்தில்தான் போய் நின்றிருப்பேன்.

இனிய உணர்ச்சிகளுக்கும் பெயர் வேண்டும். நிம்மதி, பூரிப்பு, நெகிழ்ச்சி, பெருமிதம், ஆறுதல் ஆகிய எல்லாவற்றையும் ‘சந்தோஷம்’ என்ற ஒன்றில் அடைத்துவிடாமல், கிடைத்த நாளில் ஒரு வரி குறித்துவையுங்கள். சிறு பிள்ளைகளிடம் “ஏன் அழுகிறாய்?” என்று அதட்டுவதைவிட, “பயமா இருக்கா, இல்ல ஏமாத்தமா இருக்கா?” என்று இரண்டு சொற்களை நீட்டினால், அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

எப்போது இதைச் செய்யக் கூடாது

மரணமோ விபத்தோ வன்முறையோ நடந்து சில நாட்களே ஆகியிருந்தால் அதைப் பற்றி இப்படி எழுத வேண்டாம். அப்போது தேவைப்படுவது உணவும் தூக்கமும் உடனிருக்கும் மனிதரும். காயம் சற்று ஆறியபின் எழுதலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமின்மையோ தீராத சோர்வோ இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலைகள் நின்றுபோயிருந்தால், நோட்டுப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மன அழுத்த நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926. அழைத்தவுடன் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் “மனசு சரியில்லை” என்றே தொடங்கலாம். அடுத்த சொல்லைத் தேட அந்தப் பக்கத்தில் இருப்பவர் உதவுவார்.

எழுதிய பக்கங்களை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால் உண்மையான சொல் பேனாவுக்கு வராது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் எழுதி முடித்தவுடன் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். அடுத்த நாள் பழைய பக்கத்தைப் பார்க்காமலேயே தொடரலாம். பூட்டி வைக்க இடம் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நான்காம் நாள் முடிந்த பிறகு ஒரு மாதமாவது அதைத் திறக்காமல் இருப்பது நல்லது.